உன்னையும் தலைக்கட்டில் சேர்க்கவா?

1

"இந்த வருசம் பங்குனியில் சாமி கும்பிடுவதென்று பேசி முடிவாகிவிட்டது. உன்னையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்ப்பதா என்று ஊர் கேட்கிறது. கடல் தாண்டி இருப்பவனுக்கு என்ன தலைக்கட்டு என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. யோசித்து வெரசாக எழுதவும்."

அப்பாவின் கடிதம். போடி தபால் முத்திரையில் 1987 பிப்ரவரி என்பது தெளிவாகத் தெரிகிறது. நாள் மட்டும் மசியில் கலைந்துவிட்டது. ஜாம்பியாவில், செம்புச் சுரங்கங்களை நம்பி வாழும் இந்தக் கிட்வே நகரத்துக்கு அது மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. நான் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். 1979இல் வந்தேன்.

தலைக்கட்டு என்ற சொல் தெரியாத வாசகர்களுக்காக: எங்கள் பக்கத்தில் ஊரை ஆள் கணக்கில் எண்ணுவதில்லை, குடும்பக் கணக்கில் எண்ணுவார்கள். கல்யாணமான ஓர் ஆணும் அவன் குடும்பமும் சேர்ந்து ஒரு தலைக்கட்டு. கோயில் காரியம், நல்லது கெட்டது, சண்டை சமாதானம் எல்லாவற்றிலும் தலைக்கட்டாக இருப்பவர்கள்தான் ஊர். மற்றவர்கள் ஊரில் குடியிருக்கிறவர்கள். அவ்வளவுதான்.

"இதுல பயப்பட என்ன இருக்கு?" என்றாள் என் மனைவி. "சேருங்கன்னு எழுதுங்க, இல்லேன்னா வேணாம்னு எழுதுங்க."

அவள் மதுரை டவுனில் பிறந்தவள். டவுன்காரர்களுக்கு ரேசன் கார்டுதான் ஊர் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "ஊர் கேட்கிறது" என்ற இரண்டு சொற்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயதில் ஒருவன் ஏன் இப்படிப் பயப்பட வேண்டும் என்பதை எழுதிப் பார்க்கிறேன். எங்கள் ஊரின் பெயரை எழுதவில்லை. போடிக்கும் தேவாரத்துக்கும் இடையே மலையடியில் இருக்கிறது என்பது போதும். பெயர் எழுதாததற்கும் அந்தப் பயம்தான் காரணம்.

2

கடந்த டிசம்பரில் இங்கே சோள மாவின் விலை திடீரென்று ஏறியது. இந்நாட்டு ஏழைகளுக்கு அது எங்கள் அரிசி மாதிரி. கடைவீதியில் தொடங்கிய கூட்டம் பகல் சாய்வதற்குள் குடியிருப்புகளுக்குள் வந்துவிட்டது. என் மகள் கவிதாவுக்கு எட்டு வயது. அவள் வீட்டில் இல்லை.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. இந்த நாட்டில் கோபத்திலும் பாடுவார்கள். அதனால் வருவது கல்யாணமா கலவரமா என்று எனக்கு இன்றுவரை தூரத்திலிருந்து சொல்லத் தெரியாது. கையில் கம்பும், தோளில் யாரோ ஒருவருடைய கடை நாற்காலியுமாக வந்தார்கள். என் வீட்டெதிரே நின்றார்கள். ஓர் இளைஞன் என்னைக் கை நீட்டி "முவென்யே" என்றான். இந்தியன் என்று அர்த்தம். வசைச் சொல் அல்ல. காய்கறிக்காரி தினமும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அன்று அதைக் கேட்டதும் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அடுத்த வீட்டிலிருந்து பானா முட்டாலே வெளியே வந்தார். முட்டாலேயின் அம்மா என்று அர்த்தம். இங்கே பிள்ளை பெற்றவர்களைப் பிள்ளையின் பெயரால்தான் அழைப்பார்கள். கைகளில் மாவு ஒட்டியிருந்தது. இடுப்பில் கை வைத்து, பெம்பா மொழியில், சத்தம் போடாமல், இரண்டே சொல் சொன்னார். "பெக்காலா பானோ." கூட்டம் எங்களைக் கடந்து போனது. கூட்டத்தின் வாலில் இருந்த பிள்ளைகளுக்குள்ளிருந்து கவிதா ஓடி வந்தாள்.

"எங்கடீ போயிருந்த?"

"நாங்கெல்லாம் பாடிக்கிட்டு அந்தப் பெரிய ரோடு வரைக்கும் போனோம்ப்பா."

"நாங்கன்னா யாரு?"

"நாங்கதாம்ப்பா" என்றாள். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. பானா முட்டாலே என்ன சொன்னார் என்று அவளிடமே கேட்டேன். எட்டு வருடமாகியும் என் பெம்பா காய்கறிச் சந்தையைத் தாண்டவில்லை. ஒரு முறை வகுப்பில் 'உட்காருங்கள்' என்பதற்குப் பதில் 'சமையுங்கள்' என்று சொல்லி நாற்பது பேரைச் சிரிக்க வைத்தவன் நான்.

"இவங்க இங்க இருக்கிறவங்கன்னு சொன்னாங்க."

"நம்ம ஆளுங்கன்னு சொல்லலையா?"

"இல்லப்பா. இங்க இருக்கிறவங்க. அவ்ளோதான்."

அன்று வானொலியில் மூன்று செய்தி கேட்டேன். ஒன்றில் பொதுமக்கள் கொதித்தெழுந்தார்கள். ஒன்றில் சமூக விரோதிகள் கொள்ளையடித்தார்கள். ஒன்றில் குடிமக்கள் அமைதி காத்தார்கள். மூன்றும் எங்கள் தெருவில் போன அதே ஆட்கள்தான். என் மகள் அவர்களில் ஒருத்தி. நான் அந்த மூன்றில் எதிலும் இல்லை.

ஜனவரியில் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். குமாஸ்தா, இந்நாட்டுக்காரர்களுக்கு உரிய படிவத்தைத் தவறுதலாக எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

"கிராமம்?"

சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்கள் தலைவர் யார்?"

பிரதம மந்திரியின் பெயரைச் சொன்னேன். "அவரில்லை. உங்கள் கிராமம் யாருடைய ஆட்சிக்குக் கீழ்? உங்களுக்காக யார் பேசுவார்?" என்றார். இங்கே ஒவ்வொரு கிராமமும் ஒரு குலத்தலைவரின் கீழ் இருக்கிறது. அப்புறம் அவரே தவறான படிவம் என்று கண்டு அதைக் கசக்கிப் போட்டார். "உங்களுக்கு இது தேவையில்லை" என்றார், ஆறுதலாகத்தான்.

அந்த நிமிடத்தில் என் மச்சான் நினைவுக்கு வந்தார்.

3

மச்சான் என்றால் என் அக்கா ராசம்மாவின் கணவர். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டுபவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அப்படியே. மலையில் மலையாளிகள் அவரைத் தமிழன் என்பார்கள். கீழே இறங்கினால் எங்கள் ஆட்கள் அவரை மலையாள நாட்டுக்காரன் என்பார்கள். பெண் கேட்டு வந்த அன்று "ஒங்களுக்குச் சொந்த ஊரு எது?" என்று யாரோ கேட்டதற்கு அவர் எஸ்டேட்டின் பெயரைச் சொல்ல, வீடே சிரித்தது. "ஊரு இல்லாத சனத்துக்கா பொண்ணு குடுக்குறீக?" என்று அப்பாவிடம் நேராகவே கேட்டார்கள்.

அப்பா பொண்ணைக் கொடுத்தார். கொடுத்தது மட்டுமல்ல, மருமகனுக்கு எங்கள் ஊரில் தலைக்கட்டு வேண்டும் என்று ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும் எழுந்து நின்று கேட்டார். 1974 பங்குனியில் ஊர் ஒத்துக்கொண்டது.

அடையாளம் என்னவென்றால், முளைப்பாரி. சாமி கும்பிடுக்குக் காப்புக் கட்டும் அன்று தலைக்கட்டுக்கு ஒரு சட்டி வீதம் நவதானியம் விதைத்து, எல்லாவற்றையும் ஓர் இருட்டு அறையில் வரிசையாக வைப்பார்கள். அதற்குப் பாரி வீடு என்று பெயர். வெயில் படாததால் பயிர் வெளுத்த மஞ்சளாய், நீளமாய் வளரும். கடைசி நாள் பெண்கள் தலையில் தூக்கி ஊர்வலம் போவார்கள். அந்த வருடம் அக்கா பேரிலும் ஒரு சட்டி இருந்தது. மச்சான் அதற்காகவே மலையிலிருந்து மூன்று கூடை நல்ல எரு கொண்டு வந்தார்.

"மாப்ளே, இனிமே எவனாச்சும் என்ட்ட ஊரு எதுன்னு கேக்கட்டும். வண்டிய நிப்பாட்டி எறங்கிச் சொல்லுவேனாக்கும்" என்றார்.

காப்புக்கு ஒரு சட்டம் உண்டு. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் இரவு வேற்றூரில் தங்கக் கூடாது. பகலில் போடிக்குப் போகலாம், தேனிக்குப் போகலாம். பொழுது சாய்கையில் எல்லைக்கல்லுக்கு உள்ளே இருக்க வேண்டும். மீறினால் ஆத்தாவின் கோபம் மீறியவர் மேல் மட்டும் அல்ல, ஊர் மேலேயே இறங்கும் என்பது நம்பிக்கை. நான் அப்போது பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே ஆறு மணிக்குள் வீடு வந்துவிடுவேன்.

4

காப்புக் கட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும்; நாள் என் குறிப்பில் இல்லை. அக்கா எட்டு மாத கர்ப்பிணி, எங்கள் வீட்டில் இருந்தாள். காலையில் ரத்தப் போக்கு கண்டது. சுகாதார நிலைய நர்ஸம்மா சைக்கிளில் வந்து பார்த்தார். வெளியே வந்து அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "போடில முடியாது. மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இன்னைக்கே. பொறுத்தா தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது."

மதுரை என்றால் இரவு தங்காமல் முடியாது.

மச்சானின் ஜீப் தற்செயலாக வாசலில்தான் நின்றது. காப்புக்காக இரவில் எங்கள் வீட்டில் தங்கியவர், அன்று விடியுமுன் மலைக்குப் போய், சந்தைக்கு வரும் தோட்டத்துப் பெண்கள் நால்வரை ஏற்றி வந்திருந்தார்; அவர்கள் இன்னும் வண்டியில்தான் இருந்தார்கள். "ஏத்துங்க" என்றார். யாரும் அசையவில்லை. அம்மா சாமி அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டு, "ஒரு வார்த்தை ஊரக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்றார். நானும் கூட ஓடினேன்.

சாவடியில் ஆறேழு பேர் இருந்தார்கள். அப்பா விஷயத்தைச் சொன்னார். பூசாரி உடனே எழுந்துவிட்டார். "ஐயய்யோ, கொண்டு போங்கண்ணே. நானா வேணாம்பேன்? ஊரு ஒத்துக்கிறணும், அம்புட்டுத்தான்."

"நீங்கதான ஊரு?" என்றேன்.

"நா ஒருத்தன் ஊராயிருவனா தம்பி? பெரியதனத்தக் கேளு."

ஊர்த் தலைவரான பெரியதனத்துக்குக் கண் கலங்கியே இருந்தது. "எனக்கும் பொம்பளப் பிள்ளைக இருக்கப்பா. புள்ளத்தாச்சிய எவன் தடுப்பான்? ஆனா பேச்சியம்மா மகனுக்கு அம்மை போட்டுக் கெடக்கு. நீங்க காப்ப மீறிப் போயி, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"எந்த நாலு பேரு?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

நான் பேச்சியம்மா வீட்டுக்கே ஓடினேன். நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. தள்ளி நின்று கேட்டேன். அவர் வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது. "நா என்னத்தயா சொல்லுவேன்? ஏம்பிள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்கிறான். ஒங்கக்காளுக்கும் நல்லாகணும். நீ ஊரப் போயிக் கேளு."

ஒருவர்கூடப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. இதைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். ஒருவர் சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். அக்காவுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

நான் சாவடிக்குத் திரும்பியபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தச் சட்டிய எடுத்துட்டாப் போச்சு."

யார் குரல் என்று அப்போதே தெரியவில்லை. ஆனால் எல்லோரும் மூச்சு விட்டார்கள். பாரி வீட்டிலிருந்து அந்தச் சட்டி வெளியே போய்விட்டால் மச்சானுக்குத் தலைக்கட்டு இல்லை. தலைக்கட்டு இல்லாவிட்டால் அக்கா ஊர் இல்லை. ஊர் இல்லாதவளைக் காப்புக் கட்டுப்படுத்தாது. ஊர் பேசிவிட்டது. அதைச் சொன்ன வாய் எது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து மருமகனிடம் இதைச் சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்க முடியவில்லை. மச்சான்தான் முடித்தார்.

"எடுத்துருவோம் மாமா. சட்டிதான."

பாரி வீட்டுக்குள் ஆண்கள் போகக் கூடாது. உள்ளே பயிரைப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி சட்டியை மஞ்சள் துணியால் மூடிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். மச்சான் அதைப் பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

அக்காவைப் பின்னால் படுக்க வைத்தோம். ஜீப் முழுக்க ஏலக்காய் வாசம். அக்கா கண்ணைத் திறந்து, "யம்மா, நீ வரல?" என்றாள். சட்டி வெளியேறியதால் விடுதலை ஆனது அவள் குடும்பம் மட்டும்தான். நாங்கள் காப்புக்கு உள்ளே இருந்தோம். அம்மா ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வண்டி மெதுவாகத்தான் போனது. எல்லைக்கல் வந்ததும் அம்மாவின் கை தானாக நழுவியது. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு நினைவிருக்கிற பயம் இதுதான்: ஒரு கல், அதற்கு அந்தப் பக்கம் என் அக்கா, நான் ஓடிப் போய் ஏறினால் யாரும் என்னைப் பிடித்து இழுக்க மாட்டார்கள், ஆனாலும் என் கால் வரவில்லை.

மச்சான் இறங்கி, சட்டியைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்தார். துணி காற்றில் நழுவி விழுந்தது. பயிர் வெயிலில் கூசுகிற மாதிரி வெளுத்து நின்றது.

சந்தைக்கு வந்த தோட்டத்துப் பெண்கள் நால்வரும் இறங்கவே இல்லை. செல்லம்மா என்பவர் அக்காவின் தலையை மடியில் வைத்திருந்தார். "சந்தைய விடு, ஓட்டுயா. என்னத்த நின்னு பாத்துக்கிட்டிருக்க?" என்று மச்சானை அதட்டினார்.

மச்சான் அம்மாவைப் பார்த்து, "பயப்படாதீக அத்தே. ஊரு இல்லாத சனம் நாங்க அஞ்சு பேரு இருக்கோம்" என்றார்.

5

மறுநாள் மத்தியானம் போடியிலிருந்து வந்த பஸ் கண்டக்டர், மச்சான் மதுரையிலிருந்து சொல்லியனுப்பியதை ஜன்னல் வழியே கத்திக்கொண்டு போனார்: "பொம்பளப் பிள்ள! ரெண்டு உசுரும் தப்பிச்சிருச்சு!" அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பேச்சியம்மா மகனுக்கும் இரண்டொரு நாளில் அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் அப்போதுதான் சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன். ஏதாவது ஒன்று தவறியிருந்தாலும் எங்கள் வீட்டுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்பதை இப்போதும் முழுதாக யோசித்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

கடைசி நாள் பாரி ஊர்வலம் எங்கள் வாசலைக் கடந்தது. வரிசையாக மஞ்சள் பயிர், தலைக்கு மேல் ஆடிக்கொண்டு. நடுவில் ஒரே ஒரு சட்டி பச்சையாக இருந்தது. வெயிலில் கிடந்தால்தான் அப்படிப் பச்சை பிடிக்கும். அப்பா என் தோளை இறுகப் பிடித்தார். அக்காவின் சட்டிதான்; விளிம்பில் இருந்த உடைசல் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதைச் சுமந்து போனாள். கேட்டதற்கு, "பாரி வீட்டு வரிசையில இருந்துச்சு, தூக்குன்னாக, தூக்குனேன்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாருந்தான்" என்றாள்.

அடுத்த வருடம் மச்சானைத் தலைக்கட்டில் சேர்ப்பதா என்று யாரும் கேட்கவில்லை. நீக்கியதாகவும் யாரும் சொல்லவில்லை. சட்டி வரிசையில் இருந்தது.

"ஊருங்கிறது எங்க மொதலாளி மாதிரி மாப்ளே" என்றார் மச்சான். "ஆளு ஒரு நாளும் மலைக்கு வந்ததில்ல. அவரு சொன்னாருன்னு கணக்கப்பிள்ள சொல்லுவான், கணக்கப்பிள்ள சொன்னான்னு கங்காணி சொல்லுவான். பயம் மட்டும் நெசம். போனஸும் நெசம், அதயுஞ் சொல்லணும்ல!"

அப்பாவுக்குப் பதில் எழுதிவிட்டேன். "சேர்க்கவும்" என்று ஒரு சொல். சேர்ந்தால், காப்புக் கட்டிய ஒவ்வோர் இரவும் நான் எல்லைக்கு வெளியே தூங்குகிறவன். ஊரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் என் பெயர் அடிபடலாம். சேராவிட்டால், இனி ஒரு கூட்டம் என் கேட்டின் முன்னால் நிற்கும்போது எனக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொள்ளக்கூட யாரும் இல்லை. பானா முட்டாலே வெளியூர் போயிருக்கும் நாளில் அந்தக் கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிப்பதை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. கவிதா தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். "நாங்க" என்று அவள் சொல்வது இங்கே உட்கார்ந்தால் கேட்கிறது.

என் பதில் போய்ச் சேருமுன் காப்புக் கட்டியிருப்பார்கள். ஆகவே நான் இப்போது உள்ளே இருக்கிறேனா வெளியே இருக்கிறேனா என்பது எனக்கே தெரியாது.

1974இல் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்த சட்டியை எடுத்து உள்ளே கொண்டு வந்தவர் யார் என்று இதுவரை கடிதத்திலும் நேரிலும் பலரைக் கேட்டிருக்கிறேன். அக்கா பேச்சியம்மா என்கிறாள். ஆனால் அம்மை கண்ட வீட்டார் அப்போது பாரி வீட்டுப் பக்கம் போயிருக்க முடியாது. அப்பா பூசாரி என்கிறார், பூசாரி மறுத்துவிட்டார். அம்மாவிடம் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். உறுதி செய்ய முடியவில்லை.